மாதாவுக்கு நேர்ந்துகொண்ட புத்தகம்

தூத்துக்குடியில் அந்தப் பெரிய புத்தகக் கடை திறந்தபோது எனக்கு எட்டு வயது. சென்னையில் தலைமையிடம், ஊருக்கு ஊர் கிளை, இரண்டு மாடி, உள்ளே நுழைந்தால் ஏசி. என் சித்திக்கு அங்கே வேலை. நீலச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக அவள் நிற்பதைப் பார்த்தால், கடையே எங்கள் குடும்பச் சொத்து மாதிரி எனக்குத் தலைக்கனம் ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் நான் அடித்த பீற்றல் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டே வருடத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்குவார்கள். புத்தகத்தைப் புரட்டுவார்கள், பிடித்ததை செல்போனில் படம் எடுப்பார்கள், வீட்டுக்குப் போய் அதையே இணையத்தில் வரவழைத்துக்கொள்வார்கள். எங்கள் தெருக்கார மாமா ஒருவர் சித்தியிடமே எது நன்றாயிருக்கும் என்று கேட்டு, அவள் எடுத்துக் கொடுத்ததைப் படம் பிடித்துக்கொண்டு போனார். என்ன துணிச்சல்! அன்றைக்கு வீட்டுக்கு வந்த சித்தி அம்மாவிடம், "இப்படியே ஆளில்லாம கெடந்தா கடைய மூடிருவாவ அக்கா. இந்த வேலய விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் கடற்கரையில் இதற்கெல்லாம் வழி உண்டு. மீன்பாடு குறைந்தால் வெள்ளியில் குட்டிப் படகு செய்து வைப்பதாக மாதாவுக்கு நேர்ந்துகொள்வார்கள். கால்வலிக்காரர் வெள்ளியில் கால் வைப்பார். அப்படியானால் புத்தகக் கடைக்குப் புத்தகம்தானே வைக்கவேண்டும்? எனக்கென்று சொந்தமாக இருந்ததோ ஒன்றே ஒன்று. கடல் பிராணிகளைப் பற்றியது, கெட்டி அட்டை, வழவழப்பான தாள், என் பிறந்தநாளுக்குச் சித்தி வாங்கித் தந்தது. ஆக்டோபஸ் படத்தை நினைத்தாலே மனசு கேட்கவில்லை. ஆனாலும் கடை நிறையக் கூட்டம் வந்தால் அதையே தந்துவிடுவதாக முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டேன்.

ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை கடைவாசலில் பெரிய தட்டி வைத்திருந்தார்கள். எல்லாம் பாதி விலை, கடைசி இரண்டு நாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. நாசரேத்திலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். அந்தத் தெருக்கார மாமா கைகொள்ளாமல் அள்ளிக்கொண்டு, "முன்னமே இப்படிப் போட்டிருக்கலாம்லா?" என்று சித்தியைக் கடிந்துகொண்டார். சிலர் அலமாரிகளையே விலை பேசினார்கள். அடேயப்பா, நான் கேட்டதற்கு மேலேயே மாதா கொடுத்துவிட்டாளே! எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை சித்தி வீட்டில் இருந்தாள். நான் அவளை மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆக்டோபஸை ஒரு தடவை பார்த்துவிட்டுப் புத்தகத்தை மாதாவின் காலடியில் வைத்தேன். பிறகுதான் நேர்ச்சை விவரத்தைச் சொன்னேன். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏளா, கூட்டத்த அனுப்புனதுதான் அனுப்புனா, ஒரு வருசம் முந்தி அனுப்பியிருக்கக் கூடாதா?"

"அது எப்படி அனுப்புவா? நான் போன மாசம்தான சித்தி நேந்துக்கிட்டேன்?"

சித்தி என் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். அப்புறம் முழந்தாளிட்டவள் எழுந்திருக்கவே இல்லை. ஒரு நன்றி சொல்ல இவ்வளவு நேரமா என்று நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன்.