மடியில் பெராக்சைடு கேன்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே கார் எதுவும் ஓடும் நிலையில் இல்லை. படகுகள்தான் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்ட்ரியால் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டியிருந்த நீளமான செங்கல் கட்டடம் அது. ஏரியில் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஃபைபர்கிளாஸ் படகு செய்துகொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் படகு வாங்க யாரும் வருவதில்லை. அந்த மாதங்களில் முதலாளி பிளாஸ்டரில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உருவத்தை இழைத்து இழைத்துச் செய்து வைத்திருந்தார். படகு செய்யத் தெரிந்தவர்களுக்குக் காரின் கூடு ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பது அவர் கட்சி. அடிச்சட்டமும் எஞ்சினும் பிரான்ஸிலிருந்து வரும் ஒரு சின்னக் காருடையவை. மேல்கூடு எங்களுடையது. கியூபெக்கில், கியூபெக் ஆட்கள் செய்கிற கார் என்று அவர் சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மும்.

என் கணவருக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்ததால் 1968இல் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தோம். நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். மூன்றாவது மாடி வீட்டில், பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து எழுதிப் போட்டேன். ஃபைபர்கிளாஸை இறுக்கும் பிசினான ரெசினைக் கலக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். முதல் நாள் உள்ளே போனதும் கூரையில் பெரிய கறுப்புத் திட்டு ஒன்று கண்ணில் பட்டது. எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் செய்த தவறு அது என்றும், அவருக்குப் புருவம் மறுபடி முளைத்துவிட்டது என்றும் முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

என்னிடம் இரண்டு திரவங்கள் இருந்தன. ஒன்று கோபால்ட் கலந்தது, கத்தரிப்பூ நிறம். இன்னொன்று பெராக்சைடு, தண்ணீர் போலத் தெளிவானது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, ரெசினில் சிறிதளவு கலந்தால் அது இறுகிக் காரின் உடம்பாகும். ரெசின் இல்லாமல் அவை ஒன்றோடொன்று நேராகச் சேர்ந்தால் வெடிக்கும். அதனால் ஒன்றைக் கட்டடத்தின் ஒரு கோடியிலும் மற்றதை மறு கோடியிலும் பூட்டி வைத்தேன். சாவி என் கழுத்தில் தாலிக்கொடியோடு தொங்கியது. வீட்டில் சாம்பாருக்குப் புளி கரைக்கும்போதுகூட, எதை எதோடு சேர்க்கிறேன் என்று ஒரு கணம் கை நின்றுவிடும்.

காரின் கூட்டை வார்க்கும் அச்சு வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் நீண்ட முடியும் அடர்ந்த தாடியும் வைத்த இளைஞர். கியூபெக் தனி நாடாக வேண்டும் என்ற வாசகம் எழுதிய பட்டன் சின்னம் ஒன்றை எப்போதும் சட்டையில் குத்தியிருப்பார். அவர் வீடு நகரத்தின் வடக்கே, மொன்ட்ரியால்-நோரில். தாடிக்காரரும் நானும் அரைகுறை ஆங்கிலத்திலும் அதைவிட அரைகுறையான பிரெஞ்சிலும் பேசிக்கொண்டோம். முதல் காரின் கூட்டை அச்சிலிருந்து பிரித்து எடுத்த அன்று அவர் என்னைக் கூப்பிட்டு, அதன் முதுகைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கையில் சூடு தட்டியது. ரெசின் இறுகும்போது சூடாகும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் உயிருள்ள ஒன்றைத் தொட்டுவிட்டது போலக் கையை இழுத்துக்கொண்டேன்.

ஒரு வருடத்தில் படகுகள் போய் கார்கள் வந்தன. சாலையில் போகிறவர்கள் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

1970ஆம் வருட இலையுதிர் காலத்தில் கியூபெக்கைத் தனி நாடாக்கக் கேட்ட ஆயுதக் குழு ஒன்றின் ஆட்கள் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவரைக் கடத்தினார்கள். சில நாளில் மாகாண அமைச்சர் ஒருவரையும் கடத்தினார்கள். அதற்கு முன்பே தபால் பெட்டிகளில் குண்டு வெடித்துக்கொண்டுதான் இருந்தது. ஊருக்குக் கடிதம் போடும்போது கையை நீட்டிப் போட்டுவிட்டு வேகமாக நடந்துவிடுவேன். இப்போது ராணுவம் வந்து இறங்கியது. காரணம் காட்டாமல் யாரையும் பிடித்து வைக்கலாம் என்று சட்டம் வந்தது. ரொட்டி வாங்கப் போகிற தெருமுனையில் இரும்புத் தொப்பி போட்ட பையன்கள் துப்பாக்கியோடு நின்றார்கள்.

"கொஞ்ச நாளைக்கு வேலைக்குப் போகாதயேன்," என்றார் என் கணவர்.

"பெராக்சைடை யார் பார்த்துப்பாங்க? அறை சூடானா அதுவே கெட்டுப்போய்ப் பொங்கும்."

"ஊர்ல குண்டு வைக்கறாங்கன்னு தேடிட்டிருக்காங்க. நீ வெடிக்கற சாமானை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க. அதத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது சரிதான். ஆனால் நான் போகாவிட்டால் சாவி இன்னொருவர் கைக்குப் போகும். அந்தப் பயம் இதைவிடப் பெரிதாக இருந்தது. போனேன்.

அந்த வாரத்திலேயே ஒரு காலைப்பொழுதில் அவர்கள் வந்தார்கள். மூன்று போலீஸ்காரர்கள், அவர்களோடு நான்கைந்து ராணுவப் பையன்கள். அக்கம்பக்கத்தில் யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள்: விநோதமான வாசனை, பீப்பாய்கள், வெளிநாட்டுப் பெண் ஒருத்தி. எங்கள் எல்லோரையும் சுவரோரமாக நிற்கச் சொன்னார்கள். அலமாரிகளைத் திறந்து துணிகளைக் கீழே போட்டார்கள். தாடிக்காரரின் அலமாரியில் ஒரு கட்டு அரசியல் துண்டுப் பிரசுரங்கள் இருந்தன. தலைமைப் போலீஸ்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

பிறகு என் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். ஒரு போலீஸ்காரர் பெராக்சைடு கேனைக் கொண்டுவந்து ஒரு மரப்பெட்டியில் வைத்தார். ராணுவப் பையன் ஒருவன் மறு கோடியிலிருந்து கோபால்ட் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் மூடி சரியாகத் திருகப்படவில்லை. அவன் விரலில் கத்தரிப்பூ நிறம் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டியிலேயே வைக்கத்தான் வந்துகொண்டிருந்தான்.

நகர்ந்தால் சுடுவார்களோ என்று இருந்தது. பேச வேண்டும், ஆனால் என்ன பேசுவது? இரண்டும் சேர்ந்தால் வெடிக்கும் என்று சொன்னால், வெடிமருந்து வைத்திருக்கிறோம் என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். சொல்லாவிட்டால் இந்தக் கட்டடத்திலோ, போகிற வழியில் அவர்கள் வண்டியிலோ அது நடக்கும். பையனுக்கும் பெட்டிக்கும் நடுவே பத்தடிகூட இல்லை.

"வேண்டாம், அங்க வைக்காதீங்க," என்றேன். பையன் நிற்கவில்லை. மறுபடி சொன்னேன். "ரெண்டும் ஒண்ணா சேரக் கூடாது. சேர்ந்தா வெடிச்சிடும்."

பையன் அப்படியே நின்றுவிட்டான். தலைமைப் போலீஸ்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"வெடிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான் என் வேலை."

சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழும் என்று உறைத்தது. தாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். முதலாளி படபடவென்று பிரெஞ்சில் விளக்கத் தொடங்கினார். படகு, கார், ரெசின் என்று அவர் அடுக்க அடுக்க, போலீஸ்காரரின் முகம் இன்னும் இறுகியது.

கடைசியில் தாடிக்காரரை ஒரு வண்டியில் ஏற்றினார்கள். கோபால்ட் பாட்டில் இன்னொரு வண்டியில் போனது. பெராக்சைடு கேனைத் தொட இப்போது யாரும் முன்வரவில்லை. "நீங்களே எடுத்துட்டு வாங்க," என்றார் தலைமைப் போலீஸ்காரர்.

அப்படித்தான் போலீஸ் காரின் பின்இருக்கையில், பெராக்சைடு கேனை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மொன்ட்ரியால் நகரத்தின் குறுக்கே போனேன். ஓட்டியவர் ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவருக்கும் பயம் என்று தெரிந்ததும் என் பயம் குறையவில்லை. பயந்தவர் கையில் ஸ்டியரிங் இருக்கிறதே என்று கூடியது. சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒரு குழந்தை கையாட்டியது. கேனிலிருந்து கையை எடுக்க முடியாமல் தலையை மட்டும் அசைத்தேன்.

போலீஸ் நிலையத்தில் ஜன்னல் இல்லாத அறை. பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்டார்கள். கணவர் எந்தத் துறை, எந்தக் கட்சி என்று கேட்டார்கள். பிறகு ஒருவர் நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"அந்தத் தாடிக்காரர், இந்த ரெண்டையும் கலந்தா என்ன ஆகும்னு உங்ககிட்ட எப்பவாவது கேட்டிருக்காரா?"

கேட்டிருக்கிறார். நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே, கூரையில் இருந்த கறுப்புத் திட்டைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்று சொன்னால் அவர் கதை முடிந்தது. இல்லை என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் என் கதை முடிந்தது.

"அங்க வேலை செய்யற எல்லாருக்கும் நான் சொல்லித் தந்திருக்கேன்," என்றேன். "யார் கேக்கறாங்க, கேக்கலைன்னு பார்க்கறதில்ல. தெரியாதவங்கதான் செத்துப்போவாங்க. உங்க பையன் ஒருத்தன் இன்னிக்குக் காலைல சாக இருந்தான்."

இந்த அளவுக்கு எப்படிப் பேசினேன் என்று இன்றுவரை தெரியாது.

மதியத்துக்குப் பிறகு போலீஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து வயதான வேதியியலாளர் ஒருவர் வந்தார். கேனின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார், மூடியை முகர்ந்தார். "படகு செய்யற மருந்து. என் மச்சான் கராஜ்ல இதே சாமான் இருக்கு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "குளிர்ந்த இடத்துல வைங்க, மதாம்," என்றார். நான் தலையாட்டினேன். என்னை வெளியே விட்டுவிட்டார்கள். கேனை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக் கதவைத் திறந்த என் கணவர் கோட்டு போட்டபடி நின்றுகொண்டிருந்தார். முதலாளி தகவல் சொல்லியிருக்கிறார்.

"எங்க போய்த் தேடறதுன்னே தெரியல," என்றார். "எந்த ஸ்டேஷன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"வந்துட்டேனே."

"டொரன்டோ போயிடலாம். நாளைக்கே எழுதிப் போடறேன்."

சாதம் வைக்கப் போனேன். எத்தனை அளவு போட்டேன் என்பது மறந்து, அரிசியைத் திரும்பக் கொட்டி அளந்தேன். அவர் வந்து ஆழாக்கை வாங்கிக்கொண்டார்.

தாடிக்காரர் திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அவர் மேல் வழக்கு எதுவும் போடவில்லை. ஏன் பிடித்தோம் என்றும் சொல்லவில்லை. தாடியை மழித்திருந்தார். சட்டையில் பட்டன் சின்னமும் இல்லை. கதவு சத்தமாகச் சாத்தப்பட்டால் கையிலிருக்கும் தூரிகை கீழே விழும். ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னைப் பத்தி என்ன கேட்டாங்க, மதாம்?"

நடந்ததை அப்படியே சொன்னேன். கேட்டு முடித்ததும், "என்கிட்டயும் அதையேதான் கேட்டாங்க. மறுபடி மறுபடி," என்றார். "எல்லாருக்கும் அவங்க சொல்லித் தந்தாங்கன்னு நானும் சொன்னேன். நீங்க வேற மாதிரி சொல்லியிருப்பீங்களோன்னு அத்தனை நாளும் பயந்துட்டே இருந்தேன்."

அவர் தூரிகையை எடுத்துக்கொண்டு அச்சுப் பக்கம் திரும்பினார்.

தொழிற்சாலை அடுத்த கோடை வரைதான் தாக்குப்பிடித்தது. பிரான்ஸிலிருந்து எஞ்சின்கள் தாமதமாக வரத் தொடங்கி, பிறகு வருவதே நின்றுவிட்டது. எஞ்சின் இல்லாத சிவப்பும் மஞ்சளுமான கூடுகள் முற்றத்தில் மழையில் நின்றன. பெரிய கட்டடத்துக்குப் போகப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த முதலாளி, கட்டடத்தைக் காலி செய்யும்போது அச்சுகளை வைக்க இடம் இல்லாமல் அவற்றை ரம்பத்தால் அறுக்கச் சொன்னார். அறுத்தபோது அவர் அங்கே இல்லை.

கடைசியாக முடிந்த காரை இல்-பிசார் தீவில் இருந்த ஒரு பல் மருத்துவரிடம் சேர்க்க வேண்டியிருந்தது. தாடிக்காரர் ஓட்டினார். சாயத்தில் கீறல் விழுந்தால் சரிசெய்ய நான் கூடப் போனேன். அவ்வளவு தாழ்வான காரில் நான் உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் போகிற லாரியின் சக்கரம் என் தலைக்கு மேல் சுற்றியது. பாலத்தைத் தாண்டியதும் பின்னால் போலீஸ் காரின் விளக்கு சுழன்றது.

அவர் ஓரம் கட்டினார். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வைத்துக்கொண்டார். நானும் என் கைகளை மடியில் விரித்து வைத்தேன். இளம் போலீஸ்காரர் ஒருவர் இறங்கி, காரைச் சுற்றி மெதுவாக நடந்தார். குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தார்.

"இது எவ்வளவு வேகம் போகும்?"

தாடிக்காரர் ஏதோ ஒரு வேகத்தைச் சொன்னார். "நம்ம ஊர்ல செஞ்சதா?" என்று கேட்டார் போலீஸ்காரர். "ஓ, அழகா இருக்கு," என்று கூரையை இரண்டு தடவை தட்டிவிட்டுப் போனார்.

போலீஸ் கார் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் நாங்கள் கிளம்பவில்லை. தாடிக்காரருக்குக் கியரில் கை போகவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் எங்கிருந்தோ கேட்டது. வேகமாகப் போவதற்கென்றே செய்த அந்தக் காருக்குள், சாலையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் எஞ்சினைக் கிளப்பி, சைக்கிள் வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார்.