தாத்தாவுக்கு ஒட்டிய வாய்

போன வாரம் பெரம்பலூரில் எங்கள் தாத்தாவின் காரியம். பதினாறாம் நாள் பந்தல், சாப்பாடு, படத்திறப்பு... எல்லாம் முறைப்படி. அந்தப் படத்தால் வந்த எரிச்சல்தான் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நல்ல போட்டோவாக ஒன்று வேண்டும் என்றார் அப்பா. ஆல்பம், செல்போன் எல்லாவற்றையும் அலசினோம். ஒன்றில்கூடத் தாத்தா வாயை மூடிக்கொண்டு இல்லை! காதுகுத்தில் சமையல்காரரைத் திட்டுகிறார். சிறுவாச்சூர் கோயில் வாசலில், செருப்பைக் கண்ட இடத்தில் விட்டவரைத் திட்டுகிறார். வாக்காளர் அட்டையில்கூட ஏதோ சொல்ல வருகிற முகம்.

மனிதர் அப்படித்தான். ஓட்டுக் கேட்டு வந்தவரிடம், "போன தடவையும் இதேதான் சொன்ன... ரோடு எங்கய்யா?" என்பார். எங்களுக்கு மானம் போகும். ஆனால் ஊரில் ஒரு தகராறு என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். யாருக்காகவும் மாற்றிப் பேசமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம். விரலை நீட்டி, கண்ணை உருட்டி, முழு வேகத்தில் தாத்தா. "இதையே போடலாம்ப்பா" என்றேன்.

"வர்றவங்க என்ன நெனைப்பாங்க? திட்டுற மூஞ்சிக்கா மாலை போடுறது?" என்றார் அப்பா. வாயை மட்டும் மூடித் தரச் சொல்லி அதை ஸ்டூடியோவில் கொடுத்தார்.

"மூடிறலாம் சார். குடும்பத்துல யாராச்சும் வாய் மூடியிருக்குற போட்டோ ஒண்ணு குடுங்க. ஜாடை ஒத்துப்போயிடும்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அப்பா கொடுத்தது யார் போட்டோ தெரியுமா? சித்தப்பாவுடையது! அரியலூரில் ஆபீஸ் வேலை பார்க்கிறார். 'சரிங்க சார்' என்பதைத் தாண்டி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அந்த வாய் — எங்கள் தாத்தாவுக்கு! கத்திப் பார்த்தேன். யார் கேட்கிறார்கள்?

அன்று திரை விலகியது. பளபளவென்று, பவ்யமாக யாரோ ஒருவர் சட்டத்துக்குள் இருந்தார். "அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர்..." என்று மைக்கில் ஒருவர் ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அத்தை எழுந்தார். தாத்தாவின் ஒரே மகள், உடையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். படத்தின் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அப்பாவிடம் திரும்பினார்.

"யாருண்ணே இது? நான் எங்கப்பாவப் பாத்து அழலாம்னு வந்தேன். இவரப் பாத்தா எனக்கு அழுகையே வரலையே..."

நான் உள்ளே ஓடிப்போய் அந்தக் கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்து, தாத்தா படத்தைப் பிரித்து அத்தையின் கையில் கொடுத்தேன். பார்த்ததுதான் தாமதம், தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் ஒரே ஒரு தடவ என்னைத் திட்டுங்கப்பா..." பந்தலே கலங்கிப்போனது.

அப்பா மெல்ல வந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்னைத் திட்டுறப்ப எடுத்தது. சம்பந்தி வூட்டுக்காரங்க வெயில்ல நிக்கிறாங்க, நீ போட்டோவுக்குப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறியாடான்னு..." என்றவர், படத்தை விரலால் தடவினார். "தெனமும் அந்த மூஞ்சிய எப்படிம்மா பாக்குறது? அதான் மூடச் சொன்னேன்."

அடப்பாவமே! இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

இப்போது ஹாலில் திட்டுகிற தாத்தாதான் தொங்குகிறார். மாட்டியதும் அப்பாதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டுதான் நகர்கிறார்.

சாமிகளா... ஒருவரை வழியனுப்பும்போதாவது அவர் வாயை அவருக்கே விட்டுவையுங்கள்!