ஏகாம்பரம் அடைத்து வைத்த மூன்றாம் பங்கு

“லீவுல பூட்டிக் கெடக்குற பள்ளிக்கூடத்தப் பாத்து, இது சும்மா கெடக்குற எடம்னு யாராச்சும் எழுதுவாங்களா வாத்தியாரே?”

ஏகாம்பரம் என்னிடம் ஒருமுறை கேட்ட கேள்வி இது. வகுப்பில் உதாரணம் சொல்லியே பிழைத்தவன் நான். எனக்குத் தோன்றாத உதாரணம் அவருக்குத் தோன்றியது.

சென்ற வாரம் ஒரு நாள் காலையில், முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் பால் ஊற்றிக்கொண்டே கன்னியம்மா சொன்னாள்: “நாளைக்குப் பால் வராது சார். ஏகாம்பரம் அண்ணன் போயிட்டாரு. நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி.”

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சேதராப்பட்டுப் பக்கம் நான் வேலை பார்த்த ஊரில், பள்ளிக்கூடத்தை ஒட்டி ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் இருக்கிறது. சொந்த நிலம் இல்லாதவர்கள் அதை நம்பித்தான் மாடு வளர்த்தார்கள். வேலை பார்த்த மில் மூடியதும் ஊர் திரும்பிய ஏகாம்பரம் இரண்டு மாடு வாங்கினார். மாட்டுக்காரர்களைக் கூட்டிப் பேசி, நிலத்தை மூன்று பங்காக்கினார். புரட்டாசி மழை விழுந்ததும் ஒரு பங்கை அடைத்துவிடுவார்கள். சுற்றிலும் குச்சி நட்டு, கயிறு கட்டி, வேப்பங்கொத்து தொங்கவிடுவார்கள். பங்குனி வரை அதில் மாடு இறங்கக் கூடாது. கோடையில் அந்தப் புல்தான் ஊர் மாடுகளுக்குச் சாப்பாடு. அடுத்த ஆண்டு வேறு பங்கு. காவலுக்கு வீட்டுக்கு ஒரு நாள் முறை.

“மில்லு போயும் ஒனக்கு ஷிப்டு போவலியேய்யா” என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். “மாட்டுக்கு ஓவர்டைம் மட்டும் கெடையாது” என்பார்.

ஒருமுறை, அதே ஊர்க்காரியான கன்னியம்மாவின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. “வாயில்லா ஜீவன், அதுக்கு என்னாண்ணே தெரியும்?” என்று அவள் சண்டைக்கு வந்தாள். “அதுக்குத் தெரியாது. அதான் ஒன்னக் கூப்புடறேன்” என்றார். மறுநாள் புது வேப்பங்கொத்து முழுவதையும் கட்டியவள் அவள்தான். தண்டனை அவ்வளவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகையில், தாலுகா அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி நிலத்தைப் பார்க்க வந்தார். கயிற்றுக்கு வெளியே நின்றபடியே, மாடு இல்லாத அந்தப் பங்கைப் பார்த்து, ‘மேய்ச்சலுக்குப் பயன்படவில்லை’ என்று எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை மறுபடி வருவதாகவும், அப்போதும் இப்படியே கிடந்தால் கிடங்கு கட்டக் கொடுத்துவிடுவார்கள் என்றும் சொல்லிப் போனார். புல் வளரட்டும் என்று ஊரே வாயைக் கட்டிக் காத்த பங்கு, யாருக்கும் வேண்டாத இடம்போல அவர் கண்ணுக்குப் பட்டுவிட்டது.

யோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். “திங்கட்கிழமை எல்லா மாட்டையும் உள்ள விட்டுடுங்க. பாத்துட்டுப் போகட்டும்” என்றேன். அப்போதுதான் ஏகாம்பரம் அந்தப் பள்ளிக்கூடக் கேள்வியைக் கேட்டார். “இதையே அவருகிட்ட கேப்போம். உள்ள கூட்டிட்டுப் போயி புல்லக் காட்டுவோம். மண்ணு ஈரமா கெடக்குது வாத்தியாரே. குளம்பு பட்டா வேரு மேல வந்துடும்” என்றார். “அதிகாரிகிட்ட உதாரணமெல்லாம் எடுபடாது. ஒரு நாள்தானே?” என்றேன். படித்தவன் சொல்கிறேன் என்று எல்லோரும் என் பக்கம் நின்றார்கள். “ஊரு சொன்னா சரி” என்று சொல்லி, திங்கட்கிழமை காலையில் கயிற்றை அவிழ்த்தவர் ஏகாம்பரம்தான்.

அன்று அதிகாரி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. எந்த நேரத்தில் வருவாரோ என்ற பயத்தில் மாடுகளை வெளியே ஓட்ட யாருக்கும் துணிவில்லை. நடுவில் மழை வேறு. ஒன்பதாம் நாள் வந்தார். ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று எழுதினார். நிலம் தப்பியது.

பங்குனியில் அந்தப் பங்கில் காய்ந்த சேற்றுக்கட்டியும் முள்ளும்தான் இருந்தன. வைக்கோல் வாங்கிப் போட முடியாதவர்கள் மாட்டை விற்றார்கள். கன்னியம்மா மூன்றில் இரண்டை விற்றுவிட்டு, சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். மிச்சமிருந்த ஒரு மாட்டின் பால்தான் எங்கள் தெருவுக்கு வருகிறது.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் குனிந்து முள்செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். “நெலம் நின்னுடுச்சி வாத்தியாரே. மாடுதான் போயிடுச்சி” என்றார். “ஒக்காருங்க. கயித்த அவுத்தது நானுந்தான?” என்று முள்ளை ஓரமாகத் தள்ளி இடம் கொடுத்தார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த புரட்டாசியில் மறுபடி கயிறு கட்டினார். மாடு வைத்திருந்த வீடுகள் குறைந்துவிட்டதால் காவல் முறை சீக்கிரம் சீக்கிரம் வந்தது. ஆளில்லாத நாட்களையும் அவரே பார்த்தார். “அசதியா இருக்குது” என்பார்; உட்கார்ந்து, எழுந்து, மறுபடி போவார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மேய்ச்சல் நிலத்தின் ஓரமாக வந்தோம். அடைத்த பங்கில் புல் முழங்கால் உயரம் நின்றது. கன்னியம்மா கயிற்றருகே நின்றுவிட்டாள்.

“நீ வரலியா?”

“இன்னிக்கு அவரு மொறை சார். கம்பெனிக்கு லீவு சொல்லிட்டேன். நீங்க போங்க.”

வீட்டுக்கு வந்த பின்னும் அந்தக் கேள்விதான் என்னோடு இருக்கிறது. அன்று அதிகாரியிடம் கேட்கவிடாமல் நான் தடுத்த கேள்வி. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். உங்கள் ஊர்ப் பக்கம் புல் இருந்தும் மாடு இல்லாத பொது நிலத்தைக் கண்டால், அங்கிருக்கும் யாரிடமாவது, “இதை எப்போது திறப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.