மேல் பலகையின் கேபிள்

துகள் இயற்பியல் சோதனை ஒன்றுக்குப் போகவேண்டிய இரண்டு ஒளிர் பலகைகளைத் தேனியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்துக்கொண்டிருந்தேன். வானிலிருந்து வரும் துகள் ஊடுருவினால் பலகை ஒரு கணம் மினுங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். மேலே இருந்தது மட்டும் ஐந்து நானோ நொடி பிந்தியது.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளிச்சம் புகாமல் சுற்றிய கறுப்பு டேப்பைப் பிரித்து மறுபடி சுற்றினேன். பலகைகளை இடம் மாற்றினேன். அப்போதும் மேலே இருந்ததுதான் பிந்தியது. கேபிள்களைச் சந்தேகிக்கவில்லை, இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டச் சொல்லியிருந்தேன்.

நான்காம் நாள் மேசைக்குப் பின்னால் குனிந்தேன். மேல் கேபிளில் ஒரு மீட்டர் கூடுதலாகச் சுருட்டிக் கட்டியிருந்தது. மின்துடிப்பு அதைக் கடக்கத்தான் அந்த ஐந்து நானோ நொடி. கேபிள் போட்டவர் கம்பம் ஊரில் திராட்சைத் தோட்ட மோட்டார்களுக்கு வயர் இழுப்பவர். போனில் கத்தினேன்.

“கீழ உள்ளத யாரும் நகட்ட மாட்டாக மேடம். மேல உள்ளதத்தான் நகட்டுவாக. அதான் விட்டு வச்சேன்.”

கணக்கில் ஐந்தைக் கழித்திருந்தாலே போதும். ஆத்திரம் விடவில்லை, அந்த ஒரு மீட்டரை வெட்டி எறிந்தேன்.

அடுத்த வாரம் சோதனைக் குழுவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மேல் பலகையை ஒரு மீட்டர் உயர்த்தி அளக்க வேண்டுமாம். கேபிள் எட்டவில்லை. கம்பத்துக்குப் போன் போட்டேன். நான் வாய் திறக்குமுன்பே அவர் கேட்டார்:

“வெட்டிட்டீகளா மேடம்?”