அப்பா நேராக்கிய கிட்டார்

பெரியவனே, சின்னவளே, தமிழ் வாசிக்க உங்கள் இருவருக்கும் சோம்பல் என்று எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டியாவது இதைப் படியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி, சின்னவள் இடது கையில் பிடித்திருந்த பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணித்தார். நான் போட்ட சத்தத்தில் மனிதர் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். "ஒரு பென்சிலுக்குப் போய் இவ்வளவு கோபமாப்பா?" என்று கேட்டீர்கள். கோபம் பென்சிலுக்காக இல்லை. ஒரு கிட்டாருக்காக.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தில்லியில் லோதி ரோடு பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா கிளார்க். சின்னவளைப் போல நானும் பிறவியிலேயே இடது கைக்காரன். சாப்பாட்டை நாலு வயதிலேயே சோத்துக்கைக்கு, அதாவது வலது கைக்கு, விட்டுக்கொடுத்தேன். எழுத்தை ஒன்றாம் வகுப்பில், ஸ்கேல் அடி வாங்கி விட்டுக்கொடுத்தேன். மிச்சம் இருந்தது விளையாட்டும் இந்தக் கிட்டாரும்தான்.

நொய்டாவில் வேலை பார்த்த மாமா, பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும்போது தன் எலெக்ட்ரிக் கிட்டாரையும், டிபன் கேரியர் உயரத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் எங்கள் வீட்டில் விட்டுப்போனார். நான் வாசிக்க ஆரம்பித்தால் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏல, தகரத்தை உரசுத சத்தம் கேக்கு. கதவைச் சாத்து" என்பார்.

அது வலது கைக்காரர்களுக்காகச் செய்தது. நான் இடது கைக்குத் திருப்பிப் பிடித்தால் மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே போய்விடும். ஆகவே அதையே மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஆறு கம்பிகளையும் கழற்றி வரிசையைத் தலைகீழாக்கி மாட்ட வேண்டும். அது மட்டும் போதாது. கழுத்தின் முனையில், ஆறு பள்ளம் வெட்டிய வெள்ளைத் துண்டு ஒன்று இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் அதனதன் கம்பியின் பருமனுக்கு வெட்டியது. மெல்லிய கம்பியை அகலப் பள்ளத்தில் வைத்தால் கடகடவென்று அதிரும். அந்தத் துண்டை உடையாமல் தட்டிக் கழற்றி, திருப்பி ஒட்டினேன். தோள் வாரை மாட்டும் குமிழைப் பிடுங்கி எதிர்க் கொம்பில் திருகினேன். ஒலியைக் கூட்டும் திருகுகள் இப்போது மேல்பக்கம் வந்து என் முழங்கையில் இடித்தன. இடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பத்து நாள் வேலை. முடித்துவிட்டு முதல் தடவை கம்பியை மீட்டியபோது, என் கை என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததுபோல இருந்தது.

விஜயதசமி சாயங்காலம் குவார்ட்டர்ஸ் பார்க்கில் தமிழ்க் குடும்பங்களின் கலைநிகழ்ச்சி. நான் ஒரு பழைய சினிமாப் பாட்டை வாசிக்கப் பெயர் கொடுத்திருந்தேன். என் இடது கையோடு நாலு பேர் முன்னால் நிற்கப்போகிற முதல் நாள் அது.

சரஸ்வதி பூஜையன்று மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் பூஜை முடிந்திருந்தது. புத்தகங்களோடு கிட்டாரும் பட்டுத் துணிக்கு அடியில் இருந்தது. அம்மா சொல்லித்தான் தெரிந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. நானும் தொடவில்லை.

விஜயதசமி காலையில் அப்பா துணியை எடுத்தார். அக்கா புத்தகத்தில் நாலு வரி வாசித்தாள். நான் கிட்டாரை எடுத்து மாட்டினேன். குமிழ் பழைய கொம்பில் இருந்தது. தடித்த கம்பி கீழே இருந்தது. ஆறும் புத்தம் புதுக் கம்பிகள்.

"இதை யாரு தொட்டது?"

"நான்தாம்ல" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. "பூசைக்குப் புதுக் கம்பி போடலாம்னு நேத்து காலைல கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரன் பாத்த உடனே சொல்லிட்டான், எல்லாம் உல்டான்னு. அவன்ட்ட குடுத்து நேராக்கி வாங்கிட்டு வந்தேன். சாமி முன்னால கோணலா வைக்கலாமா?"

"அது கோணல் இல்ல! நான்தான் அப்படி மாத்துனேன்!"

"தெரியாம மாட்டிட்ட. அதுக்கு ஏன்ல கத்துத?"

"நல்ல நாளும் அதுவுமா அழாத. அப்பா பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்திருக்காவ" என்றாள் அம்மா.

பத்து நாள் வேலை தெரியாமல் நடந்ததாம்! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "இப்படி ஏன் மாட்டியிருக்க?" என்று என்னைக் கேட்டிருக்கலாம். முன்பின் தெரியாத கடைக்காரனிடம் கேட்கத் தெரிந்தவருக்கு, ஒரே வீட்டில் இருக்கிற என்னிடம் கேட்கத் தோன்றவில்லை.

உடனே திருப்பி மாற்றப் பார்த்தேன். முடியவில்லை. தடித்த கம்பியின் முறுக்காணி கழுத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். கடைக்காரன் அதற்குத் தக்கபடி கம்பியின் வாலை ஒட்ட நறுக்கியிருந்தான். வரிசையைத் திருப்பினால் அதே கம்பி கடைசி ஆணிவரை போயாக வேண்டும். அது எட்டவில்லை. பழைய கம்பிகளைக் கடையிலேயே போட்டுவிட்டார்களாம். தசரா என்பதால் தில்லியில் ஒரு கடையும் திறக்கவில்லை.

"பேரு குடுத்துட்டு போகாம இருந்தா மரியாதையா?" என்று சாயங்காலம் அப்பாவே கூட்டிப்போனார். வலது கையால் வாசித்தேன். வாசித்தேன் என்று சொல்வதே பொய். ஒவ்வொரு சுரமாகத் தேடிப் பிடித்தேன். பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டேன். ஆனாலும் கைதட்டினார்கள். மேடையை விட்டு இறங்கும்போது முன்வரிசையில் இருந்த ஒருவர் அப்பாவிடம், "பய சோத்துக்கைக்கு வந்துட்டான், பாத்தீரா வேய்!" என்றது என் காதில் விழுந்தது. அப்பா இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் பாட்டுக்குத் தட்டவில்லை, கைக்குத் தட்டினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. அப்பா நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்று உங்கள் அம்மா சொல்வாள். நல்ல எண்ணம் இருந்தால் கேட்க வேண்டாமா?

கடைகள் திறந்ததும் நீளமான புதுக் கம்பி வாங்கி வந்தேன். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், பால்கனியில் உட்கார்ந்து மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினேன். கம்பிகள் போன பிறகுதான், அவற்றுக்கு அடியில், கிட்டாரின் நடு வயிற்றில் காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருப்பதைப் பார்த்தேன். அப்பா தன் பேனாவுக்கும் அக்காவின் புத்தகங்களுக்கும் வைப்பது போலவே மோதிர விரலால் வைத்த பொட்டு. முந்தைய வருஷம் பூஜையன்று அந்தக் கிட்டார் பரணில், பழைய ஸ்வெட்டர்களோடு கிடந்தது. தகரச் சத்தம் என்று அவர் சொன்ன சாமான், அந்த வருஷம்தான் அவர் கணக்கில் முதல் தடவையாக வித்தை ஆகியிருந்தது. பதின்மூன்று வயதில் எனக்கு அது புரியவில்லை.

'இதையும் என்னைக் கேட்காமல்தானே வைத்தார்' என்று, ஈரத்துணியை எடுத்து, தடம் தெரியாமல் போகும்வரை அழுத்தித் துடைத்தேன்.