காலில் ஊற்றிய தண்ணீர்

வயதாகிப் பிடுங்கிப்போட்ட தேயிலைச் செடியின் வேர்க்கட்டையை எரித்தால் ஒரு கசப்புப் புகை வரும். மழைக்காலத்தில் அது வெளியே போக வழியில்லாமல் சோற்றிலும் துணியிலும் தலைமயிரிலும் குடிக்கிற தண்ணீரிலும்கூட ஏறிக்கொள்ளும். வண்டிப்பெரியாருக்கு மேலே, ஒரே தகரக் கூரையின் கீழ் ஆறு குடும்பங்கள் குடியிருந்த "லயத்தில்" மூன்றாவது வீடு எங்களுடையது. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்கர்கள். அப்பாவுக்கு எஸ்டேட் தொழிற்சாலையில் வேலை, அம்மா தேயிலைக் "கொளுந்து" எடுத்தாள். எழுபதுகளின் நடுவில், நூல் போல மெல்லிசாக நாள்கணக்கில் இறங்குகிற "நாப்பதாம் நம்பர் மழை" பெய்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு தங்கை பிறந்தாள். எனக்கு அப்போது பத்து வயது.

அந்த வயதில் எனக்கு இருந்த தலைக்கனத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயிலில் உபதேசியார் நடத்துகிற ஞானோபதேச வகுப்பில் நான்தான் முதல். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை பூசை வைக்க வந்து போவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வதும் அடக்கம் பண்ணுவதும் உபதேசியார்தான். அவர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலை ஒப்பித்துவிட்டு, மற்றப் பிள்ளைகளை ஒரு பார்வை பார்ப்பேன். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் அவசர ஞானஸ்நானம் கொடுக்கலாம், தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றும்போதே வார்த்தைகளைச் சொல்ல வேண்டும் என்று படித்த வாரத்தில், அடுத்த வீட்டுப் பூனையைப் பிடித்து அதற்கு ஞானஸ்நானம் கொடுத்து, பூனையிடம் பிறாண்டலும் அப்பாவிடம் அடியும் வாங்கினேன்.

அம்மா பிள்ளைக்குப் பெயர் முன்னமே வைத்துவிட்டாள். ஆணானாலும் பெண்ணானாலும் சகாயம். எனக்குப் பிறகு இரண்டு முறை கலைந்து, சகாய மாதாவுக்கு நேர்ந்துகொண்டு தங்கிய பிள்ளை அது.

நாள் கணக்குக்கு ஒரு மாதம் முன்னதாகவே, ஒரு காலை வேளையில் அம்மாவுக்கு வலி கண்டது. கீழே ரோட்டில் மண் சரிந்திருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் வரவில்லை. லயத்துக் கடைசி வீட்டுச் செல்லத்தாய், அந்த மலையில் பாதிப் பேருக்குப் பேறு பார்த்தவள், உள்ளே போனாள். பிள்ளை பிறந்தது. கொஞ்ச நேரத்தில் செல்லத்தாய் ஒரு பழைய சேலைத் துணியில் அதைச் சுற்றிக்கொண்டு முன்னறைக்கு வந்து, அப்பாவிடம் தலைத் துணியை லேசாக விலக்கிக் காட்டினாள். நானும் பார்த்துவிட்டேன். புருவத்துக்கு மேலே மண்டை மூடவில்லை. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவந்த சதைதான் இருந்தது.

"இது நிக்காதுய்யா," என்றாள் செல்லத்தாய். "தாய்க்காரி பாக்கக் கூடாது. பாத்தா அடுத்த பிள்ளைக்கு ஆகாது."

அப்பா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உபதேசியாரைக் கூப்பிட ஓடினார். உள்ளே அம்மாவுக்கு உதிரம் நிற்கவில்லை. செல்லத்தாய் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுப் போகும்போது, "தலைத் துணிய மட்டும் எடுத்துராத," என்று சொல்லிப்போனாள்.

துணிக்குக் கீழே அவள் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் இருந்தாள். கண்ணைத் திறந்து பார்த்தாள். உதட்டைச் சப்பினாள். என் சுண்டுவிரலைக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டாள். அரைமணி நேரம் இருக்கும், மூச்சு விட்டு விட்டு வர ஆரம்பித்தது. நான் கூப்பிட்டதும் செல்லத்தாய் கதவுக்கு அந்தப்பக்கம் நின்றே எட்டிப் பார்த்து, "ஒங்க ஆளுக தண்ணி ஊத்துவீங்கள்லா? ஒங்க அய்யா வாரதுக்குள்ள முடிஞ்சிரும் போலிருக்கு. நீயே ஊத்திரு தாயி," என்றாள்.

அடுப்போரம் செம்பில் வெந்நீர் இருந்தது. வார்த்தைகள் தெரியும். கையும் ஒழுங்காகத்தான் தலைத் துணிவரைக்கும் போனது. அதற்கு மேல் போகவில்லை. அந்தச் சதையின் மேல் தண்ணீர் பட்டால் அவளுக்கு எரியும் என்று பயந்தேனா, அதை இன்னொரு முறை பார்க்கத்தான் பயந்தேனா, இன்றைக்கும் எனக்கே தெரியவில்லை. துணியின் கீழ்நுனியை விலக்கி, குதிகாலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, "சகாயம், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்," என்று காலில் ஊற்றினேன். வெதுவெதுப்பு பட்டதும் காலை இழுத்துக்கொண்டாள். அப்பாவும் உபதேசியாரும் வந்து சேரும்போது அவள் இல்லை.

உபதேசியார் குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, பிள்ளையின் மேல் சிலுவை வரைந்தார். செல்லத்தாய் நடந்ததைச் சொன்னதும், வகுப்பில் கேட்கிற அதே குரலில் என்னிடம் கேட்டார்.

"வார்த்தைய முழுசா சொன்னியா?"

"சொன்னேன்."

"தலையிலதான ஊத்துன?"

இந்த இடத்தில் ஒரு சின்னத் தலையசைப்பு போதும். அப்பா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லடி என்று அவர் கண் கெஞ்சியது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது ஒன்றுதானே எனக்குத் தெரிந்த வித்தை. "இல்ல, காலுல," என்றேன்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு உள்ளே வைப்பதில்லை என்பது எங்கள் மலையில் வழக்கம். "பச்சப் பிள்ளைங்கய்யா, எங்க அப்பன் பக்கத்துல ஒரு முழம் எடம் போதும்," என்று அப்பா கேட்டார். அதற்குமுன் அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. உபதேசியார் கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் நின்றார். எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவரும் நம்பியிருந்தார். சகாயத்தை வேலிக்கு வெளியே, தேயிலைக்கும் ஓடைக்கும் நடுவில் வைத்தார்கள்.

உள்ளேதான் வைத்தோம் என்று அப்பா அம்மாவிடம் பொய் சொன்னார். நாற்பது நாள் கழித்து அவள் மெழுகுதிரியோடு கிளம்பியபோது, வேறு வழியில்லாமல் வேலியைச் சுற்றிக் கூட்டிப்போனார். திரும்பி வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. காரணம் நான்தான் என்று தெரிந்துகொண்டே என்னைக் கேட்காமல் விடுகிறாள் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். அதன் பிறகு தங்கையின் பேச்சு வரும் போலிருந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விடுவேன். கல்லறைத் திருநாளில் எல்லாருக்கும் உள்ளே கொளுத்திவிட்டு, கடைசித் திரியோடு அம்மா மட்டும் வேலிக்கு வெளியே போவாள். ஒரு வருஷமும் நான் கூடப் போனதில்லை.

வளர்ந்து, ஆசிரியை வேலைக்குப் போய், கம்பத்தில் குடியேறிய பிறகு ஒரு இளம் சாமியாரிடம் இதைச் சொன்னேன். ஆபத்தில் தலையில் ஊற்ற முடியாவிட்டால் உடம்பில் எங்கே ஊற்றினாலும் ஊற்றத்தான் வேண்டும், அப்படிச் செய்ததைக் கணக்கில் இல்லை என்று யாரும் தள்ளிவிட முடியாது, அந்தக் காலத்திலேயே அப்படித்தான் என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் ஒப்பித்த பாடமும் சரியில்லை, உபதேசியாரின் தீர்ப்பும் சரியில்லை என்றால், அவள் எதற்காக வெளியே கிடக்கிறாள்?

போன வருஷம் ஒரு சாவுக்காக மலைக்குப் போனேன். எஸ்டேட்டை மூடி வெகுகாலம் ஆகிறது. லயத்தின் தகரங்களை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வேலி இல்லை. ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட தேயிலையில் சகாயத்தின் இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டிவிட்டாள், என்னோடுதான் இருக்கிறாள். வேலி போனதைச் சொல்ல ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் மற்றதையும் சொன்னேன். துணியைத் தூக்கப் பயந்தது, காலில் ஊற்றியது, உபதேசியாரிடம் சொன்னது எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நீயா ஊத்துன? நீ அவளத் தொட்டியா?" என்றாள்.

"மடியிலதான் வச்சிருந்தேன்."

"காலு எப்படி இருந்துச்சு?"

வெள்ளையாக, நீள விரலோடு இருந்தது, உன் காலைப் போலவே பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம் என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தாள், என் விரலைப் பிடித்தாள் என்றேன். அம்மா போர்வைக்கு வெளியே தெரிந்த தன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்கிட்ட காட்டலியே ஏட்டி," என்றாள். "ஆளுக பேசுனத வச்சு, மொகமே இல்லாத பிள்ளன்னுல்லா இத்தன வருசமா நெனச்சுக்கிட்டிருக்கேன். கண்ணு இருந்துச்சா அவளுக்கு?"

"இருந்துச்சும்மா."

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

பத்து வயதில் அவள் கட்டிலோரம் போய்ச் சொல்லியிருக்க வேண்டியதை, காலிலிருந்து தொடங்கிச் சொன்னேன்.