மிலிட்டரி ஓட்டல்காரர்

மூடிக் கிடக்கும் ராணுவ முகாமை என்ன செய்யலாம் என்று பேச எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் தாசில்தார் கூட்டம் போட்டார். ஷூ கம்பெனி வரட்டும் என்றார்கள் சிலர், ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்றார்கள் சிலர். எட்டாவதோடு நின்றவன் நான். எது வந்தால் என்ன ஆகுமோ என்ற கவலையில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். தொந்திக்கு மேல் சட்டைப் பொத்தான் எட்டவில்லை. பேசுவதற்கு முன் விரல் நுனியை ஒரு தடவை மோந்து பார்த்துக்கொள்வார். அப்படி மோந்துவிட்டு எழுந்தார்.

"சார், இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடுங்க. அண்டாவெல்லாம் எடுக்கணும்."

"உங்க வீடு முகாமுக்குள்ளயா இருக்குது?" என்றார் தாசில்தார்.

"இல்ல சார், பஜார்ல ஓட்டல். மிலிட்டரி இடம் பூரா எடுக்கப் போறதா நோட்டீஸ்ல போட்டிருக்கீங்களே. நம்மளுது மிலிட்டரி ஓட்டல்."

மண்டபமே சிரித்தது. "இன்னா நைனா, மட்டன் சோறு போடுற கடைய எடுத்து கவர்மெண்டு இன்னா பண்ணும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். நான் சிரிக்கவில்லை. அந்த நோட்டீஸை நானும் படித்திருந்தேன்.

பெரியவர் உட்காரவில்லை. "அப்போ எழுதிக் குடுத்துடுங்க சார்."

தாசில்தார் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: 'இந்த ஓட்டல் மிலிட்டரி அல்ல.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார். "இன்னா சார் இது, இத்தப் பார்த்தா சைவம்னு நெனச்சிட்டு ஒருத்தனும் உள்ள வரமாட்டானே."

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் என்று வீட்டில் எனக்குப் பேர். ஆனால் இந்தப் பயம் எனக்குத் தோன்றவே இல்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் ஒரு மரியாதை வருகிறது.